சவர்க்காரக் குமிழிகளில் ஒரு படிகம்

குமிழித் தெப்பம், அதாவது நீர்ப்பரப்பில் ஒன்றோடொன்று ஒட்டி மிதக்கும் சவர்க்காரக் குமிழிகளின் ஒற்றை அடுக்கு, இப்போது நன்றாகவே வருகிறது. 1947இல் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர்கள் லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் உலோகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் காட்டச் செய்த அதே பரிசோதனைதான். மீன்தொட்டிக் காற்றுப் பம்பு, பாமசியில் கிடைக்கும் மெல்லிய 26 கேஜ் ஊசி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம், கொஞ்சம் கிளிசரின், ஒரு கறுப்புத் தட்டம் போதும். பம்புக் காற்று துடித்துத் துடித்து வரும். நடுவில் ஒரு காலிப் போத்தலைப் பொருத்தியதும் சீரானது. ஊசிமுனையும் ஒரே ஆழத்தில் நின்றால் கடுகளவு குமிழிகள் ஒன்றுபோல வருகின்றன.

தட்டத்தைத் தளும்பத் தளும்ப நிரப்புங்கள். குறைந்தால் குமிழிகள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஹட்டனில் மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில் தெப்பம் நீண்ட நேரம் நிற்கிறது; ஈரக் காற்றில் குமிழி சீக்கிரம் உலராது.

அப்புறம் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு குமிழியும் தன்னைச் சுற்றி நீர்ப்பரப்பைக் கொஞ்சம் மேலே வளைக்கிறது. பக்கத்துக் குமிழி அந்தச் சரிவில் ஏறி வந்து ஒட்டுகிறது. ஓரளவுக்கு மேல் நெருங்கவும் முடியாது. இவ்வளவுதான் விதி. தூரத்தில் நடப்பது எந்தக் குமிழிக்கும் தெரியாது. ஆனாலும் ஒன்றைச் சுற்றி ஆறு என்று தட்டம் முழுக்க வரிசை கட்டிவிடுகின்றன!

எனக்கு அதைவிடப் பிடித்தது வரிசை பிசகும் இடங்கள். வெவ்வேறு திசையில் வளர்ந்த இரண்டு திட்டுகள் சந்திக்கும் எல்லையில் ஆறுக்குப் பதில் ஐந்து, ஏழு அண்டைகளோடு குமிழிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. செம்புக்குள்ளும் இரும்புக்குள்ளும் படிகமணிகள் (ஒரே திசையில் அடுக்கிய அணுத் திட்டுகள்) இப்படித்தான் முட்டி நிற்கின்றன. இரண்டு கண்ணாடித் துண்டுகளால் தெப்பத்தின் இரு ஓரங்களையும் எதிரெதிராக மெல்லத் தள்ளினேன். முழு வரிசையும் ஒரேயடியாக நகரவில்லை. ஒரு பிசகு மட்டும் சட்டென்று குறுக்கே ஓடியது. அது போன வழியில் வரிசை ஒரு குமிழி தூரம் நகர்ந்திருந்தது.

"மாமா, இன்னொருக்கா தள்ளுங்க!" என்றாள் அக்கா மகள்.

பௌதிகவியலில் இதை டிஸ்லொகேஷன் என்பார்கள். கம்பியை வளைக்கும்போது உள்ளே ஓடுவதும் இதுதான். அதனால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது.

அடுத்து துளை பெரிதான 21 கேஜ் ஊசியையும் வைத்து இரண்டு அளவுக் குமிழிகளைக் கலக்கப் போகிறேன். பெரிய குமிழி ஒன்று நுழைந்தாலே சுற்றியுள்ள பல வரிசைகள் வளைந்துவிடுகின்றன. பாதிக்குப் பாதி கலந்தால் படிகம் கலைந்து, கண்ணாடிக்குள் இருப்பது போன்ற ஒழுங்கில்லாத அடுக்கு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.