பழகிப்போச்சா, இல்லையா?

"உனக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சுடி. இனிமே அதை விட முடியாது."

அக்கா இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கரிசனத்தில்தான் சொன்னாள். அசைவை அடக்க நான் சாப்பிடும் டெட்ராபெனசின் மாத்திரையை அன்றைக்கு ஒரு வேளை மறந்துவிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் நாக்கு தானாக வெளியே வந்து வந்து போனதை அவள் பார்த்துவிட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதே சந்தேகம் எனக்கும் இரண்டு வருடமாக இருந்தது.

கொஞ்சம் முன்கதை. வயிற்றுக் கோளாறுக்காக மெட்டோகுளோப்ரமைடு என்ற மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டேன். குமட்டலுக்கான மாத்திரைதானே என்று எழுதிக்கொடுத்தவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதை 12 வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் டார்டைவ் டிஸ்கைனீசியா என்ற அசைவுக் கோளாறு வரக்கூடும் என்று 2009-லேயே அமெரிக்காவில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரிந்தபோது உதடு சப்புக்கொட்ட ஆரம்பித்திருந்தது. வாயில் ஒன்றும் இல்லாமலே தாடை மெல்லும். நாக்கு எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போகும்.

சரி, அந்த மாத்திரையை நிறுத்தினால் போய்விடும் என்று நினைத்தேன். நிறுத்தியதும் அசைவு கூடியது! "பாத்தியா, அந்த மருந்து இல்லாம உன்னால முடியல" என்று வீட்டில் பேச்சு வந்தது. உண்மை வேறு. மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனம் டோபமைன். அது போய் உட்காரும் இடங்களை அந்த மருந்து அடைத்து வைக்கும். நாளாக ஆக அந்த இடங்கள் கூடுதல் கூர்மையாகிவிடுகின்றன என்பது நெடுநாளைய விளக்கம். கோளாறை உண்டாக்கிய மருந்தே அதை மூடியும் வைத்திருந்தது. மூடியை எடுத்ததும் உள்ளே இருந்தது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த அனுபவம் எனக்குள் ஒரு பயத்தை விட்டுவிட்டுப் போனது. அடுத்து எந்த மருந்தைத் தொட்டாலும் "இதை விடும்போது என்ன ஆகும்?" என்பதுதான் என் முதல் கேள்வி.

அடுத்து வந்தது டெட்ராபெனசின். 12.5 மில்லிகிராமில் ஆரம்பித்து, படிப்படியாக ஏற்றி, காலையும் இரவும் 25 என்று நின்றது. இது டோபமைன் உட்காரும் இடத்தை அடைப்பதில்லை. நரம்பு முனையில் டோபமைனைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. பையில் சரக்கு குறைந்தால் வெளியே கொட்டுவதும் குறையும். பிடி நிரந்தரமானது இல்லை, மருந்து வடிந்ததும் விட்டுவிடும். நாக்கு அடங்கியது. ஆனால் மனசும் சேர்ந்து அடங்கியது. நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள், பதினைந்தாவது பக்கத்தில் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தேன். மனச்சோர்வு இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அதனால்தான் டாக்டரே ஒருநாள், "கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமா?" என்றார்.

நான் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டார்: "அக்கா எந்த அர்த்தத்துல சொல்றாங்க?"

நல்ல கேள்வி. நம் பேச்சில் "பழகிப்போச்சு" என்ற ஒரே வார்த்தை மூன்று வேலை செய்கிறது. முதல் மாதம் கேட்ட மருந்து இப்போது கேட்கவில்லை, டோஸ் கூட்ட வேண்டியிருக்கிறது என்றாலும் பழகிப்போச்சு. மருந்து இருப்பதாகவே உடம்பு தன்னைச் சரிசெய்துகொண்டு, எடுத்ததும் தடுமாறுகிறது என்றாலும் பழகிப்போச்சு. அதைத் தேடி அலைகிறான், கேட்டால் பொய் சொல்கிறான் என்றாலும் பழகிப்போச்சுதான். கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் அடிமையாகிவிட்டான். நடுவில் இருப்பதுதான் சார்பு. அடிமைத்தனம் இல்லாமலே சார்பு வரலாம். மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தி, தலைசுற்றலும் எரிச்சலுமாய்த் திண்டாடுபவர்கள் யாரும் அந்த மாத்திரைக்கு ஏங்குவதில்லை.

"நிறுத்தினதும் பழைய அசைவு திரும்பி வந்தா, மருந்து வேலை செஞ்சுட்டிருந்ததுன்னு அர்த்தம். அதைச் சார்புன்னு எழுதாதீங்க. இதுவரைக்கும் உங்களுக்கு இல்லாத ஒண்ணு புதுசா வந்தா, அதை எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

என் தொழிலில் இது தினப்படி சமாச்சாரம். ஒரு பிழையைப் பார்த்ததும் வட்டம் போட்டுவிட முடியாது. ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியிலேயே இருந்ததா, அச்சுக்குக் கோக்கும்போது புகுந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு மூலப் பிரதி பக்கத்தில் இருக்க வேண்டும். மூலம் இல்லாமல் திருத்த உட்கார்ந்தால் எல்லாமே அச்சுக்கூடத்தின் தப்பாகத்தான் தெரியும்.

அதனால் நிறுத்துவதற்கு முந்தைய வாரமே நோட்டு போட்டேன். மூன்று பத்தி: பழையது, புதியது, தெரியவில்லை. கூடவே டாக்டர் ஒரு தாள் கொடுத்தார், 20 கேள்விகள். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகைகளை நிறுத்தும் சோதனைகளில் பயன்படும் பட்டியல் அது. பசியின்மை, குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, வியர்வை, நடுக்கம், தசைவலி, சத்தமும் வாசனையும் கூடுதலாக உறைப்பது, நாம் நாமாக இல்லாதது போன்ற உணர்வு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நிரப்பினேன். 14 வந்தது. இன்னும் எதையுமே நிறுத்தவில்லை, அதற்குள் 14! சோர்வு, உற்சாகமின்மை, கவனம் நிற்காதது எல்லாம் மருந்தின் கைங்கரியம். இந்தத் தாளை நிறுத்திய பிறகு மட்டும் நிரப்பியிருந்தால், அத்தனையையும் நிறுத்தியதன் தலையில் கட்டியிருப்பேன்.

வீடியோவும் எடுத்தோம். எடுத்தது கணவர். தினமும் அதே நாற்காலி, அதே நீலச் சட்டை. தேதியை யாரும் ஊகித்துவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். (நாலாவது நாள் அந்தச் சட்டையைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டார்.) டெட்ராபெனசின் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்த பழைய வீடியோ ஒன்றும் இருந்தது. என் மூலப் பிரதி அதுதான்.

வியாழன் இரவு எட்டு மணிக்குக் கடைசி மாத்திரை. படிப்படியாகக் குறைக்காமல் நேராக நிறுத்தச் சொன்னது எனக்கு ஆச்சரியம். இந்த மருந்தின் விவரக்குறிப்பிலேயே அப்படி நிறுத்தலாம் என்று இருக்கிறது. இதைப் படித்துவிட்டு வேறு மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. அசைவுக் கோளாறுகளுக்கே கொடுக்கும் குளோனசெபாமையோ பேக்லோஃபெனையோ அப்படி நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். பார்கின்சனுக்கான லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டெட்ராபெனசினையும் நானாக நிறுத்தவில்லை.

வெள்ளி காலை பதினோரு மணிக்குத் தாடை ஆரம்பித்தது. கடைசி மாத்திரையிலிருந்து 15 மணி நேரம். ஹன்டிங்டன் (உடம்பு தானாக அசையும் பரம்பரை மூளை நோய்) நோயாளிகளுக்கு அசைவு 12 முதல் 18 மணி நேரத்துக்குள் திரும்பலாம் என்று குறிப்பு சொல்கிறது. என் நோய் வேறு, ஆனாலும் கணக்கு அதிலேயே விழுந்தது. சனிக்கிழமை மோசம். நாக்கின் ஓரத்தை இரண்டு தடவை கடித்துக்கொண்டேன். எல்லாம் முதல் பத்தியில்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய அசைவு பழைய அளவுக்குத் திரும்புவது ஒன்று. பழைய அளவையும் தாண்டிக் கொஞ்ச நாள் எகிறிவிட்டு இறங்குவது இன்னொன்று. இரண்டாவது நடந்தால், மருந்து இருந்த காலத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது என்று சந்தேகப்படலாம். கண்ணாடியில் பார்த்தபோது எகிறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு வருடம் மறந்திருந்த முகம் அல்லவா.

நடுவராக அக்காவையே பிடித்தேன். குற்றம் சாட்டியவளே தீர்ப்பும் சொல்லட்டுமே! வீடியோக்களை வரிசை கலைத்து, தேதி எடுத்துவிட்டு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். பெரிய சோதனைகளிலும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். வால்பெனசின் என்ற இதே குடும்பத்து மருந்தின் சோதனைகளில், எந்த வீடியோ எந்த நாளுடையது என்று தெரியாத நிபுணர்கள்தான் மார்க் போட்டார்கள். அக்காவுக்கு நிபுணத்துவம் கிடையாது, கறார் உண்டு. பழைய வீடியோவுக்கு 3. சனிக்கிழமைக்கு 3. ஞாயிறு, திங்களுக்கும் 3. எகிறவில்லை. ஒரு வீடியோவுக்கு 2 போட்டு, "இது நிறுத்தினதுக்கு அப்புறம் எடுத்ததுதானே, முகமே சொல்லுதே" என்றாள். அது மருந்து முழுசாக உள்ளே இருந்த வாரத்தில் எடுத்தது. சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை 20 கேள்வித் தாளை மறுபடி நிரப்பினேன். 11. கூடவில்லை, குறைந்திருந்தது. ஆனால் அந்த 11-ஐ அப்படியே நம்பவும் முடியாது. சோர்வும் மந்தமும் இறங்கியதால் மொத்தம் இறங்கியது. நிலைகொள்ளாமை ஒன்றிலிருந்து இரண்டாக ஏறியிருந்தது. வாய் ஓயாமல் அசையும்போது யாருக்குத்தான் நிலைகொள்ளும்? அது நோயின் கணக்கா, நிறுத்தியதன் கணக்கா? அசைவுக் கோளாறு மருந்தில் இந்தச் சோதனை சிக்கலாவதே இங்கேதான். நடுக்கம், தடுமாற்றம், நிலைகொள்ளாமை என்று பட்டியலில் இருப்பதில் சில, நோயிலேயே இருப்பவை.

போலி மாத்திரை வைத்துச் செய்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு அச்சு அசலாகப் போலி, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. அதுதான் சரியான முறை. ஆனால் எனக்குப் போலியைக் கொடுத்தால் மறுநாள் பதினோரு மணிக்கு நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்த பிறகு "ஐயோ நிறுத்திட்டாங்களே" என்ற பதற்றம் வரும், அதையும் தாள் எண்ணிக்கொள்ளும். இந்த விஷயத்தில் எலிகள் மேல். பல வாரம் மருந்து கொடுத்து, நிறுத்தி, எடையும் தீனியும் உடல் வெப்பமும் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். எலிக்கு யாரும் முன்கூட்டியே பயம் காட்டி வைப்பதில்லை.

2006-ல் வெளியான டெட்ராபெனசின் சோதனையில் ஹன்டிங்டன் நோயாளிகள் 84 பேர், 12 வாரம். அதன் பிறகு ஒரு வாரம் மருந்தில்லாமல் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களுக்கு அசைவு திரும்பியது. நிறுத்தியதும் பழைய நோய்தான் தலைகாட்டியது, மருந்தை விட்டதால் மட்டும் வரும் தனி அறிகுறிகள் எதுவும் தெரியவில்லை என்றுதான் அந்த மருந்தின் குறிப்பும் சொல்கிறது.

இரண்டாவது பத்தி நிறைந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு டாக்டர் வேறொரு உதாரணம் சொன்னார். பார்கின்சனுக்கு டோபமைன் போலவே நடிக்கும் மருந்துகள் உண்டு. 2010-ல் வந்த ஓர் ஆய்வில், அவற்றைக் குறைத்த 26 பேரில் 5 பேருக்குப் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு, மருந்துக்கு ஏக்கம் எல்லாம் வந்தன. லெவோடோபா கொடுத்தும் அடங்கவில்லை. அந்த 5 பேருமே ஏற்கெனவே அந்த மருந்தால் சூதாட்டம் மாதிரி கட்டுப்பாடில்லாத பழக்கங்களில் சிக்கியிருந்தவர்கள். கை கால் அசைவுக்கு லெவோடோபா இருக்கிறது, ஆனாலும் ஆள் தவிக்கிறார் என்றால் அதை நோயின் கணக்கில் எழுத முடியாது. என் நோட்டில் நேர்மாறு. முதல் பத்தி வழிந்தது, இரண்டாவது காலி.

செவ்வாய் காலை மறுபடி ஆரம்பித்தேன், 12.5 வீதம் இரண்டு வேளை. 5 நாளுக்கு மேல் விட்டுவிட்டால் முதல் படியிலிருந்து ஏற்ற வேண்டும் என்பதால் செவ்வாய் இரவு வரைதான் கெடு. பாதி டோஸில் நாக்கு முக்கால்வாசி அடங்குகிறது, பக்கமும் முப்பதைத் தொடுகிறது. அதுவே போதும் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம்.

மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரி. "ஞாயிறு, விடியற்காலை 3:10. நெஞ்சு படபடத்து முழிப்பு. வாய் அசையவில்லை. காரணமில்லாத பயம். நாற்பது நிமிடம்." இதற்கு முன் எனக்கு இப்படி வந்ததில்லை. அப்படியானால் இரண்டாவது பத்திக்குப் போக வேண்டியது. ஆனால் அன்றைக்கு முழுக்க நான் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டாக்டர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "ஒரு ராத்திரியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை நிறுத்துறப்ப வருதான்னு பாக்கணும்" என்றார். நான் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன், ஆசிரியருக்குத் திருப்பி அனுப்பும் பக்கங்களில் போடுவது போல.

அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். முதல் இரண்டு பத்தியைப் புரட்டிவிட்டு அந்த வரியில் நின்றாள்.

"அடுத்த தடவை நிறுத்துறப்ப சொல்லு. நான் வந்து பக்கத்துல படுத்துக்கறேன். மூணு மணிக்கு என்னை எழுப்பு."