ஐந்தரை மணி நேரம்: கோப்பன்ஹேகன் நாட்குறிப்பு

2023 நவம்பர் 5, ஞாயிறு

உணவகத்துக்கு இன்று விடுமுறை. சாவி என்னிடம் இருந்ததால் காலை எட்டு மணிக்கே சமையற்கூடத்தைத் திறந்து, ஜனவரியில் நான் கலந்துகொள்ளவிருக்கும் இளம் சமையற்கலைஞர் போட்டிக்கான முதல் தட்டைப் பயின்றேன். டென்மார்க்கின் சமையற்கலைஞர் ரஸ்முஸ் கோஃபோட் இந்நகரிலுள்ள தமது ஜெரேனியம் உணவகத்தில் பரிமாறிப் புகழ்பெற்ற சிப்பியே இதற்குத் தூண்டுகோல். சவரக்கத்தி போல நீண்டிருக்கும் சிப்பியின் ஓட்டை மாவினால் செய்து, கோடுகளைக்கூட உண்மை ஓட்டில் இருப்பதைப் போலவே வரைந்து, உள்ளே சிப்பியின் சதையை வைப்பார்கள். விருந்தினர் ஓட்டோடு சேர்த்து உண்ணலாம்.

கோதுமை மா, முட்டையின் வெள்ளைக்கரு, வெண்ணெய் மூன்றையும் குழைத்து, கணவாய் மையால் கோடிட்டு, எஃகுக் குழாயில் சுற்றிச் சுட்டேன். அடுப்பிலிருந்து எடுத்த பத்து விநாடிக்குள் குழாயை உருவிவிட வேண்டும். அதற்குப் பிந்தினால் மா இறுகி, நீளவாக்கில் வெடித்துவிடுகிறது. இருபதில் பதினொன்று உடைந்தன.

நவம்பர் 8, புதன்

என் வேலை முறை பகலில் முடிந்தது. திரும்பும் வழியில் பார்க்கன் விளையாட்டரங்கைச் சுற்றி ஒரே சனத்திரள். இன்றிரவு மான்செஸ்டர் யுனைடெட்டுடன் கால்பந்து ஆட்டம். அந்த அரங்கக் கட்டடத்தின் எட்டாவது மாடியில்தான் ஜெரேனியம் இருக்கிறது என்பதைக் கூட்டத்தில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோஃபோட் 2005இல் பிரான்சின் லியோன் நகரில் நடக்கும் பொக்யூஸ் டோர் என்ற உலகச் சமையற்போட்டியில் வெண்கலம் வென்றார். 1987இல் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் போல் பொக்யூஸ் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவரும் அந்தப் போட்டியில், ஒரு சமையற்கலைஞரும் ஓர் இளம் உதவியாளரும் கூச்சலிடும் பார்வையாளர்களின் முன்னே சுமார் 5½ மணி நேரம் சமைக்க வேண்டும். வெண்கலத்தோடு பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பி அந்தப் பெயரைக் கொண்டு வாழ்ந்துவிடுவார்கள். இவர் 2007இல் மறுபடியும் போய் வெள்ளி வென்றார். அதே ஆண்டில் ரோசன்போர்க் அரண்மனையின் பூங்காவில் தம் கூட்டாளி சோரன் லெடெட்டுடன் சேர்ந்து ஜெரேனியத்தைத் திறந்தார். 2009இல் அது பணமுடையால் மூடப்பட்டது. 2010இல் இருவரும் இந்த எட்டாவது மாடியில் மீண்டும் தொடங்கினார்கள். புதிய உணவகம் காலூன்றாத அந்த நேரத்திலேயே அவர் மூன்றாவது முறையாகப் பயிற்சியில் இறங்கி, 2011 ஜனவரியில் தங்கம் வென்றார். வெண்கலம், வெள்ளி, தங்கம் மூன்றையும் அங்கே வென்றவர் அவர் ஒருவரே.

2016இல் உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லின் வழிகாட்டியின் மிக உயர்ந்த தரமான மூன்று நட்சத்திரங்களை டென்மார்க்கில் முதன்முதலாக ஜெரேனியம் பெற்றதும், 2022இல் உலகின் ஐம்பது சிறந்த உணவகங்களின் பட்டியலில் முதலிடம் பிடித்ததும்தான் பரவலாகப் பேசப்படுகின்றன. என்னை ஆட்கொள்வதோ 2009க்கும் 2011க்கும் இடைப்பட்ட காலம். கடையை இழந்த மனிதர் ஆட்டிறைச்சியையும் மீனையும் நேரம் குறித்துக்கொண்டு மறுபடி மறுபடி சமைத்திருக்கிறார் என்பதை எண்ணும்போது, பதினொரு ஓடுகள் உடைந்ததற்காக ஞாயிறு இரவு தூங்காமல் கிடந்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 15, புதன்

கந்தசஷ்டி விரதம். அம்மா வீட்டில் இவ்வாரம் மரக்கறி மட்டும்தான். ஜெரேனியத்தில் 2022 ஜனவரியிலிருந்து இறைச்சியே சமைப்பதில்லை என்று சொன்னதும் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. “அப்ப மீன் இருக்கோ?” என்று கேட்டார். மீனும் சிப்பியும் உண்டு என்றேன். சற்று யோசித்துவிட்டு, “பரவாயில்லை, பாதி விரதம்” என்றார்.

கோஃபோட் தாம் இறைச்சியை விட்டு ஆண்டுகள் சில கழிந்த பிறகே உணவகத்திலும் விட்டார். தான் உண்ணாததைச் சுவைபார்த்துப் பிறருக்குப் பரிமாறும் சங்கடம் சமைப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆட்டிறைச்சித் தட்டும் சேர்ந்து தங்கம் பெற்றுத் தந்த ஒருவர், உச்சத்தில் இருந்தபோது அந்தக் கைத்திறனையே ஒதுக்கிவைத்ததைப் பெரிய துணிச்சலாகவே கருதுகிறேன்.

நவம்பர் 19, ஞாயிறு

முழு ஒத்திகை. நேரமானியை அடுப்புக்கு மேலே மாட்டி வைத்தேன். முதல் மூன்று மணி நேரம் திட்டப்படி சென்றது. பிறகு மீன்முள் சாற்றை வற்றவைக்கும்போது நான்கு நிமிடம் பிந்திவிட்டேன். அதை ஈடுகட்ட வெண்ணெயை ஒரே தடவையில் கொட்டினேன். சாஸ் திரிந்து, எண்ணெய் தனியாக மேலே மிதந்தது. சிறிது குளிர்ந்த நீர் விட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக அடித்தடித்து மீட்டெடுத்தேன், ஆனால் அதற்குள் ஒன்பது நிமிடம் போயிருந்தது. தட்டுகள் நேரம் கடந்துதான் வெளியே சென்றன.

ஓடுகளில் இன்று இரண்டே இரண்டு உடைந்தன. குழாயில் முன்கூட்டியே வெண்ணெயை மெல்லப் பூசி, ஒரே இழுப்பில் உருவாமல் முதலில் கால் சுற்றுச் சுழற்றிவிட்டால் வெடிப்பதில்லை என்பதைக் கண்டுகொண்டேன்.

அடுத்த ஞாயிறு சாஸை முதல் மணி நேரத்துக்குள்ளேயே ஏற்றிவிடுவதாகத் திட்டத்தைத் திருத்தி, சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.