தட்டையானது குட்டி இல்லை

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் போதும், கிணற்றடியிலிருந்து அடுப்படி வாசல் வரைக்கும் எங்கள் வளவு முழுக்க மரவட்டைதான். தும்புத்தடியோடு வரும் அம்மம்மாவுக்கு முந்தி நான் வெற்று ஜாம் போத்தலோடு ஓட வேண்டும். "உதைத் தொடாதை மோனை, கை வெந்துபோகும்" என்பா. பெரும்பாலும் வேகாதுதான், ஆனால் அந்தச் செங்கபில நிற உருளைச் சாமானைப் பிடித்தால் விரலில் மஞ்சளாகப் பட்டுக் கபிலமாகக் கறுக்கும், அது குயினோன் என்கிற வகைச் சுரப்பு, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

அதே வளவில், அழுகின வாழைத்தடலுக்குக் கீழே, முதுகு தட்டையான சின்னது ஒன்றும் கூட்டமாகக் கிடக்கும். அதை உருளையின் குட்டி என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன், கேட்டவர்களுக்கும் அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

செத்த ஒன்றை வெள்ளைச் சோசரில் வைத்து லென்சால் பார்த்த அன்றுதான் விஷயம் பிடிபட்டது. கழுத்துப் பட்டி மாதிரி இருக்கிற முதல் வளையத்தையும் வால் நுனியையும் சேர்த்து எண்ண 20. இன்னொன்றை எடுத்தேன், 20. எல்லாம் 20! உருளையை எண்ணினால் ஐம்பதைத் தாண்டுகிறது, அதுவும் ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு கூடக் குறைய. உருளைக்கு உணர்கொம்புக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிக் குவியலாகக் கண் இருக்கிறது, தட்டைக்குக் கண்ணே இல்லை. குட்டி என்றால் சில வளையங்களோடும் மூன்று சோடிக் காலோடும் பிறந்து, தோல் கழற்றக் கழற்ற வளையம் கூடும். பாலிடெஸ்மிடா என்கிற இந்தத் தட்டை வரிசையில் (வரிசை என்றால் பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு) பெரும்பாலானவை 20 வந்ததும் நின்றுவிடும். ஆக நான் குட்டி என்று சொன்னதெல்லாம் வயது வந்த ஆட்கள்.

எங்கள் வளவுத் தட்டையின் குடும்பம் பாரடொக்ஸோசோமாடிடே. நடுவளையங்களின் முதுகில் குறுக்கே ஒரு பள்ளக் கோடு ஓடும். பக்கத்து விளிம்பில் சுரப்பித் துளைகள் எல்லா வளையத்திலும் இல்லை, 5, 7, 9, 10, 12, 13, பிறகு 15 முதல் 19 வரை என்று ஒரு விசித்திரக் கணக்கு. சீண்டினால் கேக்குக்கு விடும் ஆமண்ட் எசன்ஸ் வாசம் வரும். கூடவே வருவது ஹைட்ரஜன் சயனைட், அதனால் போத்தலுக்குள் மூக்கை விடாதீர்கள்.

சரி, உண்மையான அடையாளம் 7ஆம் வளையத்தின் அடியில், அதுவும் ஆணில். முன்னும் பின்னும் சில வளையங்களைத் தவிர, வளையத்துக்கு இரண்டு சோடிக் கால் என்பது மரவட்டைக் கணக்கு (மட்டத்தேளுக்கு ஒரு சோடிதான்). தட்டை ஆணைப் புரட்டினால் 7இல் முன்சோடி இருக்காது, அந்த இடத்தில் இணைசேரப் பயன்படும் கொக்கி மாதிரி உறுப்பு மடங்கிக் கிடக்கும். அதனால்தான் பெண்ணுக்கு 31 சோடி, ஆணுக்கு நடக்க 30. செங்கபில உருளையில் இரண்டு சோடியுமே மாறி உள்ளே போய்விடுவதால் அந்த வளையம் மொட்டையாகத் தெரியும். இந்த உறுப்பின் வடிவத்தை வைத்துத்தான் அறிஞர்கள் குடும்பம், பேரினம், இனம் வரைக்கும் பிரிக்கிறார்கள். நிறத்தை நம்பி இறங்கினால் என் கதைதான்.

பெண் மட்டும் அகப்பட்டால் உருளைகளின் முகத்தைப் பாருங்கள். நெற்றியிலிருந்து நேர்கீழே ஒரு தையல் கோடு ஓடினால் ஸ்பைரோபோலிடா வரிசை, எங்கள் செங்கபிலம் அதில் ட்ரிகோனியூலிடே குடும்பம். கோடு இல்லாத கறுத்த பெரிய உருளை என்றால் ஸ்பைரோஸ்ட்ரெப்டிடா, அதில் தெற்காசியப் பக்கத்தின் முக்கியக் குடும்பம் ஹார்பகோஃபோரிடே. பந்தாகச் சுருளும் ஆர்த்ரோஸ்பேரா என்கிற மரவட்டை எங்களுக்குத் தெற்கே, பெரும்பாலும் ஈரக் காடுகளில், எங்கள் வளவில் ஒருநாளும் கண்டதில்லை. மரப்பட்டைக்குள் 2, 3 மில்லிமீற்றரில் தூரிகை மயிரோடு ஊரும் பாலிக்ஸெனிடா வரிசை பற்றி இன்னொரு நாள்.

மச்சாள் கொழும்பிலிருந்து முதுகுப் பக்கம் மட்டும் தெரியும் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தா. புரட்டி எடுங்கோ, 7ஆம் வளையம் தெரிய வேணும் என்று கெஞ்சினேன். நேற்றுத்தான் புரட்டி எடுத்து அனுப்பினா, கமரா நல்ல தெளிவு, ஒவ்வொரு காலும் எண்ணலாம், 7ஆம் வளையத்துக்கு மேல் மட்டும் அவவின் பெருவிரல்.