‘விளக்கம் ஏற்கப்பட்டது’

கூட்டக் குறிப்பில் மூன்று கட்டங்கள்: ஊர் கேட்டது, கம்பெனி சொன்னது, முடிவு. வட கனடாவின் நுனாவுட்டில் ஒரு சுரங்கத் திட்டம் பற்றி நடந்த கூட்டத்துக்கு, கம்பெனி தரப்பில் நான் நிரப்பிய மூன்றாவது கட்டம் இன்னும் உறுத்துகிறது.

லாரிச் சாலைப் பக்கம் கரிபூ மான்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். கண்ணில் பட்டதும் வண்டிகளை நிறுத்திவிடுவோம் என்றோம். அதற்குள் காரியம் கெட்டிருக்கும் என்றார். முன்னால் வரும் சில மான்களைத் தொந்தரவில்லாமல் கடக்கவிட வேண்டும். அவை போன தடத்தில்தான் மந்தை வரும். அவை மிரண்டால் மொத்தமும் வேறு பக்கம் திரும்பிவிடும். மைக்கைக் கொடுக்கும்போது ‘அயுர்னர்மட்’ என்றார். “என்ன செய்ய முடியும்” என்றார் மொழிபெயர்ப்பாளர். ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று எழுதினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை, மறுக்கவில்லை. கேட்டதைத்தானே எழுதினேன்? ஆனால் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் அந்தச் சொல்லைத் தம் கைமீறிய எதற்கும் சொல்வார்கள், பனிப்புயலுக்கும் சாவுக்கும்கூட. பனிப்புயலுக்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை.

சரியான முறை தெரியாமல் இல்லை. கூட்டத்தை உள்ளூர் வானொலியில் சொல்ல வேண்டும். ஊரே வேட்டைக்குப் போயிருக்கும் நாட்களைத் தவிர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இருவர் மாறிமாறிப் பேச வேண்டும். ஒருவரே மூன்று மணி நேரம் பேசினால் கடைசியில் சுருக்கம்தான் வரும். ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு’ போன்ற சொற்களை ஒரு வாரம் முன்பே அவர்களிடம் கொடுத்துப் பேசிவைக்க வேண்டும். அவர்களுடைய இனுக்டிடுட் மொழியில் இடப்பெயர்கள் போட்ட பெரிய வரைபடம் மேசையில் இருந்தால், மான் கடக்கும் இடத்தைப் பெரியவர் விரலால் காட்டிவிடுவார். எல்லாவற்றையும்விட, குறிப்பைக் கோப்பில் சேர்க்கும் முன் பேசியவருக்கே அவர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். அதற்கு இன்னொரு விமானப் பயணம் ஆகும். நாங்கள் போகவில்லை.

கனடா அரசும் இனுயிட் மக்களும் செய்துகொண்ட 1993 நுனாவுட் ஒப்பந்தப்படி, பெரிய சுரங்கம் தொடங்க, அதன் பலன்களில் இனுயிட் மக்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் பலன் ஒப்பந்தத்தை அவர்களுடன் போட்டாக வேண்டும். அதில் கையெழுத்திடுவது வட்டார இனுயிட் சங்கம். வேட்டை நிலமோ சுரங்கத்துக்குப் பக்கத்து ஊருடையது. நுனாவுட்டின் பாஃபின் தீவில் உள்ள மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்தில் ஒப்பந்தமும் இருந்தது, கூட்டங்களும் நடந்தன. ஆண்டுக்கு 60 லட்சம் டன் தாது என்பதை 1.2 கோடி டன்னாக்கி, துறைமுகத்துக்கு 110 கிலோமீட்டர் ரயில்பாதை போடும் திட்டம் வந்தபோது, 2021 பிப்ரவரியில் வேட்டைக்காரர்கள் சுரங்கத்தின் விமான ஓடுதளத்தையும் சாலையையும் மறித்தார்கள். 2022 மே மாதம், இத்தகைய திட்டங்களின் பாதிப்பை ஆராயும் மதிப்பாய்வு வாரியம் திட்டம் வேண்டாம் என்றது. நவம்பரில் மத்திய அமைச்சரும் நிராகரித்தார்.

நான் அந்தச் சொல்லை அப்படியே எழுதியிருந்தால் சாலை நகர்ந்திருக்குமா? அநேகமாக இல்லை. இப்படிச் சொல்லிச் சமாதானம் ஆகும்போதே, நானும் ‘அயுர்னர்மட்’ என்றுதான் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. பேனா என் கையில் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கரிபூ பற்றி அன்று யாரும் கேட்கவில்லை; குறிப்பில் அந்த வரிசை காலியாகவே போனது.