கார்டு வாங்கப் போய் பயாஸில் முடிந்த கதை

வீடியோ எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ப்ளே அழுத்தினால் இரண்டு நொடி ஓடும். அப்புறம் படம் நிற்கும், குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். புது கேமரா வந்ததிலிருந்து இதே பாடு. கிராபிக்ஸ் கார்டை மாற்றியே தீர வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வாங்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து ஒரு கிளிப்பை ஓட்டிப் பார்த்தேன். சிபியு (ப்ராசசர்) 100 சதவீதம். கார்டின் 'வீடியோ டிகோட்' (சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலை) கோடோ தரையோடு தரையாகக் கிடந்தது. கேமரா பதிவது 10 பிட், 4:2:2 எச்இவிசி, அதாவது நிற விவரம் அதிகமாக உள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ. இந்த வகையைப் பிரிக்கும் வசதி என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. என்னுடையது 30 வரிசை. ஆனால் இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்தே ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இதைச் செய்துவிடும். என்னிடம் இருப்பது 12ஆம் தலைமுறை, அதுவும் பெயரில் 'எஃப்' இல்லாதது. (எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது.) அப்படியென்றால் அது எங்கே போயிற்று? டாஸ்க் மேனேஜர் ஒரே ஒரு ஜிபியுவைத்தான் (கிராபிக்ஸ் சிப்) காட்டியது.

கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போனேன். உள் கிராபிக்ஸ் 'ஆட்டோ'வில் இருந்தது. தனிக் கார்டைப் பார்த்ததும் அணைந்திருக்கிறது. 'எனேபிள்டு' ஆக்கிவிட்டு, எடிட்டிங் மென்பொருளின் டிகோடிங் பகுதியில் இன்டெலை டிக் செய்தேன். அதே கிளிப் திக்காமல் ஓடியது.

பயாஸில் இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. வேகம் 3200 என்று அச்சிட்ட ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்யவே இல்லை. போதாததற்கு இரண்டு ரேமையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகி, சிங்கிள் சேனலில் (இரண்டு பாதைக்குப் பதில் ஒரே பாதையில்) ஓட்டியிருக்கிறேன். யாரையும் திட்ட முடியாது, அசெம்பிள் செய்தது நானேதான். சிபியுவிலிருந்து எண்ணி 2, 4 ஸ்லாட்டுக்கு மாற்றினேன். திரையே வரவில்லை! வியர்த்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு ரேமின் ஓரம் நூலளவு தூக்கி நின்றது. கட்டைவிரலால் அழுத்தியதும் 'டக்'. படம் வந்தது.

உள்ளதைச் சொன்னால், ரேம் வேலையால் டைம்லைனில் பெரிய மாற்றம் தெரியவில்லை; எக்ஸ்போர்ட் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது. மீடியா கேஷையும் (எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள்) ஹார்டு டிஸ்கிலிருந்து வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன். படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் குறைப்பு போட்டால் இன்னும் திக்குகிறது. அந்த எஃபெக்ட்டைக் கடைசியில்தான் ஆன் செய்கிறேன்.