கிராண்ட் வெட்டிய வாய்க்கால்: மூன்றாவது முறையும் தண்ணீர் ஏறவில்லை

அமெரிக்க உள்நாட்டுப் போரின் களங்களை மாடியில் சிறு மாதிரிகளாகச் செய்துவருகிறேன். ஷைலோ போர்க்கள மாதிரியைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிட்டேன். காய்ந்த துளசிக் குச்சிகளே காடாகிவிட்டதால் பெரிய சிரமமில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்குப் படை பிடித்து வைத்திருந்த விக்ஸ்பர்க் நகரம்தான் உயிரை வாங்குகிறது.

மொட்டை மாடியில் நாலடிக்கு மூன்றடித் தகரத் தட்டு, அதில் கொள்ளிடத்து வண்டல். முதல் முறை வெறும் வண்டலை மட்டும் போட்டதால் பாளம் பாளமாக வெடித்தது. உமி கலந்தபின் நிற்கிறது. ஆனால் உமியைச் சலிக்காமல் போட்டால் நகரத்து மேடு கரடிமுதுகு போல ஆகிவிடும். மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள், வீட்டில் திட்டு விழும்.

மிசிசிப்பி கொண்டை ஊசியாக வளைந்து பீரங்கி மேட்டின் அடியில் போகிறது. அந்த வளைவின் கழுத்தை வெட்டிவிட்டால் கப்பல்கள் மேட்டைச் சுற்றாமல் தெற்கே இறங்கலாம் என்பது கணக்கு. 1862 கோடையில் வடக்குப் படைத் தளபதி வில்லியம்ஸ் வெட்டத் தொடங்கிக் கைவிட்டதை 1863 ஜனவரியில் அதே தரப்பின் தளபதி கிராண்டின் படை மறுபடி எடுத்தது. மார்ச்சில் ஆறு பெருகி, வாய்த்தலையில் போட்டிருந்த அணை உடைந்து, வேலை பாழானது. டொனல்சன் கோட்டையை மடக்கிய ஆள் மண்வெட்டியிடம் தோற்றார்.

என் தட்டிலும் அதே கதை. குழாயைத் திறந்தால் ஆறு வளைவைச் சுற்றி ஓடுகிறது, வாய்க்காலில் மட்டும் குட்டை. பத்தே நிமிடத்தில் வாய்த்தலையில் மணல் திட்டு.

முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியே காலம் கழித்த பெரியப்பா ஏறி வந்து பார்த்தார். "சுழலில் வாய்த்தலையை வைத்தால் தண்ணீர் எப்படி ஏறும்? ஆறு வந்து மோதும் இடத்தில் வையப்பா" என்றார். கிராண்டின் வாய்த்தலையும் சுழலில்தான் அகப்பட்டது. நகர்த்தினால் ஓடும், வரலாறு கெடும். நகர்த்த மாட்டேன்.

கப்பல்களுக்குத் தபாலில் பணம் கட்டி ஏமாந்தேன். இரும்புக் கவசப் படகு கேட்டதற்குப் பாய்மரம் வந்தது, திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். நெட்டியில் நானே செதுக்கிக் கரி பூசினேன். தஞ்சாவூர் நெட்டி மிதப்பது போல எதுவும் மிதக்காது. ஏப்ரல் 16 இரவு வடக்குக் கடற்படைத் தலைவர் போர்ட்டரின் கப்பல்கள் பீரங்கிகளைத் தாண்டியதை அவற்றை வைத்தே காட்டப்போகிறேன். ஏப்ரல் 30 அன்று புரூயின்ஸ்பர்க்கில் படை கரையேறியதற்கு இன்னொரு தட்டு வேண்டும். மே 16 சண்டை நடந்த சாம்பியன் ஹில் குன்றுக்கு வைக்கோல் கூட நறுக்கி வைத்துவிட்டேன். ஜூலை 4 விக்ஸ்பர்க் சரணடைவுக்கு வெள்ளைத் துணி இப்போதைக்குத் தேவையில்லை.

கழுத்து விஷயத்தில் ஓர் ஆசை பாக்கி. 1876இல் மிசிசிப்பி தானாகவே அந்தக் கழுத்தை அறுத்துக்கொண்டு விக்ஸ்பர்க்கை விட்டு விலகிப்போனது. படை வெட்டியும் வராத ஆறு, யாரும் கேட்காமலே வந்தது. அதை என் தட்டிலும் பார்க்க வேண்டும். நேற்று இரவு முழுவதும் குழாயை நூல் போலத் திறந்து வைத்தேன். காலையில் கழுத்தின் மேல்கரை ஒரு விரற்கடை சரிந்திருந்தது. குழாயை மூடவில்லை.