சுடிதாரில் பை இல்லை

போன வாரம் துறைக் கருத்தரங்கில் எல்லோரும் அமைதியாக இருந்த நேரத்தில், மர மேசைமேல் கிடந்த என் கைபேசி டர்ரென்று அதிர்ந்தது. திரையில் “எழுந்து நடங்கள்” என்றிருந்தது. அனுப்பியது நானே எழுதிய செயலி. 50 நிமிடம் உட்கார்ந்தே இருந்தால் அது இப்படி அதிரும். நெடுநேரம் உட்கார்ந்தே கிடக்கும் மாணவர்களை எழுப்பிவிடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நம் வகுப்பறையில் பாதியில் எழுந்து நிற்பவர் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். நான் கைபேசியைத் துப்பட்டாவுக்குள் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

“50 நிமிடம் என்று எங்கே பிடித்தாய்?” என்று கேட்டார் வழிகாட்டி மேடம். அது எங்கள் பாடவேளையின் நீளம், வேறு காரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்கூட உட்காரும் நேரத்தைக் குறையுங்கள் என்கிறதே தவிர, இத்தனை மணி என்று வரம்பு கட்டவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பை. கால்சட்டைப் பையில் இருக்கும் கைபேசி, நின்றால் செங்குத்தாக இருக்கும், உட்கார்ந்தால் படுத்துவிடும். உள்ளே இருக்கும் முடுக்கமானி, அதாவது அசைவையும் சாய்வையும் உணரும் சில்லு, அதை வைத்தே கண்டுபிடித்துவிடும். பையன்களுக்குச் சரி. என் சுடிதாரில் பை ஏது? கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு மெஸ்ஸுக்கு நடந்துபோய் வந்தால், அசையாமல் கிடந்தேன் என்று கடிந்துகொள்கிறது. ஸ்மார்ட் கைக்கடிகாரம் நடக்கும் அடிகளை எண்ணும். சும்மா நிற்பதையும் உட்கார்ந்திருப்பதையும் பிரித்தறியத் திணறும். ஆய்வாளர்கள் இதற்கென்றே தொடையில் ஒட்டும் கருவி வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டிக்கொண்டு தினமும் யார் வகுப்புக்கு வருவது?

லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஜெர்ரி மோரிஸ் 1953இல் எழுதியதை மறுபடி படித்தேன். இருக்கையை விட்டு நகராத ஓட்டுநர்களைவிட, மாடி பஸ்ஸில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. (இளம் ஓட்டுநர்களுக்கே இடுப்புச் சுற்று அதிகம் என்பது பிறகு சீருடை அளவுகளிலிருந்து தெரியவந்தது. பழி முழுவதையும் இருக்கைமேல் போட முடியாது.) எனக்கு உறைத்தது வேறு. நடத்துநரை எந்தக் கருவியும் அதிர்ந்து எழுப்பவில்லை. டிக்கெட் கொடுக்க வேண்டியிருந்தது, நடந்தார்.

ஆகவே, இப்போது செயலி முதலில் கேட்பது உயரத்தையும் எடையையும் அல்ல, எதற்காக எழுந்திருப்பீர்கள் என்பதைத்தான். அறைத்தோழிக்கு அரை லிட்டர் பாட்டில் போதும். விடுதியில் குடிதண்ணீர் கீழ்த்தளத்தில்தான், பாட்டில் தீரும்போதெல்லாம் இறங்கித்தான் ஆக வேண்டும். எனக்கு அம்மாவின் அழைப்பு. இரவு 9 மணிக்கு அவர் கூப்பிட்டதும் “நடந்துகொண்டே பேசுங்கள்” என்கிறது. நேற்று மொட்டைமாடியைச் சுற்றிச் சுற்றி வந்து பேசினேன்.

“ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? நாய் ஏதும் துரத்துகிறதா?” என்றார் அம்மா.